தேவனஹள்ளியிலிருந்து ஏரியூருக்கு

வெளிநாட்டிலிருந்து ஏரியூருக்கு வருபவர்கள் பலர் பெங்களூரு விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். 2008-ல் திறந்த அந்த நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நம்ம ஊரோ தெற்கே. ஆக, முழுப் பெங்களூரையும் குறுக்கே கடந்தாக வேண்டும். நெரிசல் நேரத்தில் அந்தக் கொஞ்ச தூரத்துக்கே இரண்டு மணி நேரம் போய்விடும்!

தனியாளாக வந்தால் வாயு வஜ்ரா ஏசி பஸ் போதும். பெட்டி வைக்க உள்ளேயே தட்டு உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டி போகும் பஸ்ஸில் ஏறி, சில்க் போர்டில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி பஸ் பிடிக்கலாம். அப்புறம் பென்னாகரம், ஏரியூர்.

நான்கு பேர், எட்டுப் பெட்டி என்றால் கார்தான் சரி. ஆனால் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்: டோல், தமிழ்நாட்டுப் பெர்மிட், டிரைவர் பேட்டா எல்லாம் வாடகையில் சேர்த்தியா? வண்டி காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் காசு உண்டா? மாநில எல்லையான அத்திப்பள்ளியில் நின்று தகராறு செய்வது வீண்.

நள்ளிரவில் இறங்கினால் விடியும்வரை நிலையத்திலேயே இருப்பது என் கட்சி. தருமபுரிக்கு அகாலத்தில் வந்தாலும் பென்னாகரம் தாண்ட டவுன் பஸ் வேண்டுமே.

இன்னொன்று: சேலம் காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வரத் தொடங்கியது. டிக்கெட் எடுக்கும்போது அதையும் பாருங்கள். ஓமலூர், மேச்சேரி வழியாக வீட்டுக்கு வந்துவிடலாம்.