பெயர் சூட்டுவது யார்?



நான் மேடையேறிப் பழகியவன் அல்லன். இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் கணக்கெழுதிப் பிழைக்கும் சாதாரணக் குடிமகன். போர், விபத்து, குற்றம் என்னும் மூன்று சொற்களைப் பற்றி என் மனத்தில் பட்டதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நமது ஊருக்கு மேலே நிற்கும் கோட்டை மலையைப் பாருங்கள். 1791 சூலைத் திங்களில் கும்பினிப் படையின் மேஜர் கௌடி அதனைக் கைப்பற்றினான். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை எழுந்தது. திப்பு தன் நாட்டில் பாதியையும், ஈட்டுத் தொகையாக 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்தார். பெற்ற பிள்ளைகள் இருவரைப் பிணையாக அனுப்பினார். பாராமகால் கும்பினியாருக்குப் போயிற்று. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிசின் பெரும்படை இப்பக்கத்தில் தங்கித்தான் மைசூர்மீது பாய்ந்தது.

தளபதிகளின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. படை நடந்த பாதையில் பயிரிழந்தவன் பெயர் எங்கே? மாட்டைப் பறிகொடுத்தவன் பெயர் எங்கே? ‘போர்’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கேள்வி ஏது, கணக்கு ஏது?

அது மன்னராட்சிக் காலம் என்பீர்கள். மக்களாட்சிக் காலத்துக்கே வருவோம். ஓசூரைத் தாண்டினால் எல்லை. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. தீபாவளி விற்பனைக்கு வந்த சரக்கை இறக்குகையில் அங்குள்ள பட்டாசுக் கடையொன்றில் தீப்பற்றியது. அன்றே 14 உயிர்கள் கருகின. பின்னரும் சிலர் மருத்துவமனையில் மாண்டனர். பலர் தமிழ்நாட்டு இளைஞர்கள். பண்டிகைக் காலத்தில் நாலு காசு சேர்க்கலாம் என்று கூலிக்கு வந்த மாணவர்களும் அவர்களில் இருந்தனர்.

‘விபத்து’ என்றோம். விபத்துத்தானா? பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லை என்று கருநாடக முதலமைச்சர் சித்தராமையாவே சொன்னார். வெடிபொருள் விதிகள் 2008-ஆம் ஆண்டிலேயே வந்தன. எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்பதற்கு உரிமத்தில் அளவு உண்டு. ஆனால் அந்த அளவைத் தீப்பிடிக்குமுன் சென்று பார்க்க வேண்டியவர் யார்?

வழக்குப் பதிவாயிற்று, கைதும் நடந்தது. இறந்தோர் குடும்பத்துக்குக் கருநாடக அரசு 5 இலட்சமும், தமிழ்நாட்டு அரசு 3 இலட்சமும் அறிவித்தன. கொடுத்தது நல்லதே, குறை கூறவில்லை. ஆனால் பிள்ளையைப் புதைத்தபின் வரும் பணம் பிள்ளையாகுமா?

பசித்தவன் சோற்றுப் பானையைத் தொட்டால் உடனே ‘குற்றம்’ என்கிறோம். விதியை மிதித்தவன் கடையில் பதினான்கு பேர் வெந்தால், ‘விதி’ என்று வானத்தைப் பார்க்கிறோம்! இதுவா நீதி?

பிறரை மட்டும் சாடி நான் தப்பிக்கப் போவதில்லை. விலை மலிவு என்று எல்லை தாண்டிப்போய்ப் பட்டாசு வாங்கி வந்தவன்தான் நானும். நான் மிச்சம் பிடித்த காசு யாருடைய பாதுகாப்பிலிருந்து குறைந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன், உங்களையும் கேட்கச் சொல்கிறேன்.

தோழர்களே! அடுத்த தீபாவளிக்கு முன்னரே அவரவர் ஊர்க் கடைக்குச் செல்லுங்கள். உரிமம் எங்கே, சரக்கின் அளவு என்ன, வெளியேற இன்னொரு வாசல் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். எழுதியதற்கு ஒப்புகை பெறுங்கள். கூலிக்குப் போகும் பிள்ளை எங்கே, யாரிடம் போகிறான் என்பதைக் குறித்து வையுங்கள்.

மன்னர் காலத்தில் பெயர் சூட்டும் உரிமை வென்றவனிடம் இருந்தது. இன்று அது நம்மிடம் இருக்கிறது. குற்றத்தைக் குற்றம் என்று சொல்வோம்; அதுவும் பிணம் விழுவதற்கு முன்னே சொல்வோம்!