19:19:19 பாக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி

போன எபிசோடுல க்ரோ பேக்குக்கு மண் கலவை எப்படி ரெடி பண்றதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "எல்லாச் செடிக்கும் போடுற மாதிரி ஒரே ஒரு உரம் சொல்லுங்க." வாடகை வீடு, மொட்டை மாடியில ஆறு பை, செடியைப் பார்க்க நேரம் கிடைக்கிறதே ஞாயிற்றுக்கிழமைதான். நியாயமான கேள்வி.

நர்சரியில போய் இதையே கேட்டா பெரும்பாலும் ஒரு பவுடர் பாக்கெட் கைக்கு வரும். 19:19:19. தண்ணில முழுசா கரையும். இந்த மூணு நம்பரைப் படிக்கத் தெரிஞ்சா உரக்கடையில உங்களை யாரும் ஏமாத்த முடியாது, அதனால முதல்ல அதை முடிச்சிடுவோம்.

முதல் நம்பர் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ரெண்டாவது மணிச்சத்து, பாஸ்பரஸ். மூணாவது சாம்பல் சத்து, பொட்டாசியம். நம்ம ஆளுங்க வச்ச பேரே பாதி பாடம். தழைச்சத்து தழையை வளர்க்கும். சாம்பல் சத்துன்னு பேர் வரக் காரணம், விறகுச் சாம்பல்ல பொட்டாசியம் நிறைய இருக்கு. 19:19:19னா நூறு கிராம் பவுடர்ல மூணும் 19 கிராம் வீதம். ஒரு சின்ன திருத்தம்: பின்னாடி இருக்கிற ரெண்டையும் ஆக்சைடு கணக்குல எழுதறது பழைய வழக்கம். அசல் பாஸ்பரஸ்னு பார்த்தா 8 கிராம் சொச்சம்தான், பொட்டாசியம் 16 கிட்ட.

நம்பர் வரிசை எப்பவும் மாறாது. அதனால 20:20:0:13ன்னு ஒரு மூட்டையைப் பார்த்தீங்கன்னா, அந்த சைபர் இருக்கிற இடம் பொட்டாசியத்தோடது. கடைசி 13 கந்தகம். பெரிய நம்பரா இருக்கேன்னு அதை தக்காளிக்கு வாங்கிட்டுப் போனா, காய்க்கு அதிகமா தேவைப்படற சத்து அதுல சுத்தமா இல்ல. நம்பரே இல்லாம, பிளாஸ்டிக் கவர்ல கட்டி "ஆல் பர்ப்பஸ்"னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற பவுடரும் உண்டு. அதை வாங்கவே வேணாம். உர மூட்டையில எந்தச் சத்து எவ்வளவுன்னு அச்சடிக்கணும்னு 1985ல வந்த உரக் கட்டுப்பாட்டு ஆணையே சொல்லுது.

சரி, 19:19:19 நல்லதா கெட்டதா? என்னோட பதில்: பரவாயில்லாத உரம், ஆனா "எல்லாச் செடிக்கும், எல்லா நாளும்" இல்ல. மூணு நம்பரும் சமமா இருக்கறதப் பார்த்தா பேலன்ஸ்டா தெரியும். செடி அப்படிச் சமமா சாப்பிடறதில்ல. காய்கறிச் செடி நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் நிறைய எடுக்கும், பாஸ்பரஸை அதுல ஒரு சின்னப் பங்குதான் எடுக்கும். மாசக்கணக்கா இதையே ஊத்தினா பைக்குள்ள பாஸ்பரஸ் சேர்ந்துக்கிட்டே போகும். அது அதிகமாச்சுன்னா இரும்பு, துத்தநாகம் ரெண்டையும் வேர் எடுக்க விடாது. புது இலை வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். நாம என்ன பண்ணுவோம்? சத்து பத்தலைன்னு நினைச்சு இன்னொரு ஸ்பூன் போடுவோம்.

இப்போ முக்கியமான விஷயம், அளவு. செடி சாகறது பெரும்பாலும் தப்பான உரத்தால இல்ல, அதிகமான உரத்தால.

ஊர்ல தாத்தாவோ சித்தப்பாவோ "செடிக்கு ஒரு கைப்பிடி யூரியா போடு"ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்க வயலுக்கு அது சரியா இருக்கலாம். வயல்ல உரம் நாலாப்பக்கமும் பரவும், வேருக்கும் தள்ளிப் போக இடம் இருக்கு. பன்னிரண்டு இஞ்ச் பையில வேர் எங்க ஓடும்? கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சின்னக் கைப்பிடி 40 கிராம்னு வச்சுக்குவோம். யூரியால நைட்ரஜன் 46 சதவீதம், அப்போ 18 கிராமுக்கு மேல. அதே அளவு நைட்ரஜனை லிட்டருக்கு ஒரு கிராம்னு கலக்கின 19:19:19 தண்ணியா குடுக்கணும்னா கிட்டத்தட்ட 97 லிட்டர் ஊத்தணும். அத்தனையும் ஒரு பைக்கு, ஒரே நாள்ல.

உரம்ங்கறது அடிப்படையில உப்பு. மாங்காய்த் துண்டுல உப்பைப் போட்டு வச்சா தண்ணி விட்டு சுருங்குது பாருங்க, வேருக்கும் அதே கதிதான். மண்ணு ஈரமா இருக்கும், ஆனா செடி தண்ணியை எடுக்க முடியாம வாடும். இலை ஓரம் தீஞ்ச மாதிரி காயும். பையோட விளிம்புல வெள்ளையா ஒரு படிவம் தெரியும். போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியான்னா இது இன்னும் சீக்கிரமே வரும், ஏன்னா தண்ணியே கொஞ்சம் உப்பைக் கொண்டு வருது.

அதனால நான் சொல்ற அளவு இது: பத்து லிட்டர் பக்கெட்டுக்கு 10 கிராம். லெவலா ரெண்டு டீஸ்பூன், குமிச்சு இல்ல. பைக்கு அரை லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர், வாரத்துக்கு ஒரு தடவை. காஞ்ச மண்ணுல நேரா ஊத்தாதீங்க; முதல்ல வெறும் தண்ணி, அது இறங்கினப்புறம் உரத்தண்ணி. மாசத்துக்கு ஒரு தடவை உரமே இல்லாம, அடியில வழிஞ்சு ஓடற அளவுக்கு வெறும் தண்ணி ஊத்தி சேர்ந்த உப்பைக் கழுவி விடுங்க. கீழ் வீட்டு ஓனர் துணி காயப்போட்ட நேரம் மட்டும் வேணாம்.

எப்போ ஆரம்பிக்கறது? நாத்து நட்டு வேர் பிடிக்க ரெண்டு வாரம் விடுங்க. அதுக்கப்புறம் பூ வர வரைக்கும் 19:19:19 நல்லாவே வேலை செய்யும். பூ வந்தப்புறமும் அதையே தொடர்ந்தீங்கன்னா, ஆள் உயரத்துக்குக் கத்தரி, கருகருன்னு இலை, காய் மட்டும் ரெண்டு. அந்த மெதுவான கொழுந்துக்கு அசுவினியும் வந்து ஒட்டிக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டைக்கு பூ வந்தப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் 13:0:45க்கு மாறுங்க, அளவு அதேதான். நடுவுல இருக்கிற சைபரைக் கவனிச்சீங்களா? இது பொட்டாசியம் நைட்ரேட். சேர்ந்து கிடக்கிற பாஸ்பரஸ் மேல இன்னும் ஏத்தாது.

கீரைக்கு பாக்கெட்டே தேவையில்லை. இருபத்தஞ்சு, முப்பது நாள்ல பிடுங்கப்போற கீரைக்கு மண்ணுல கலந்த மண்புழு உரம் போதும். நைட்ரஜன் அதிகமானா அது நைட்ரேட்டா கீரை இலையிலயே தங்கும், நாம சாப்பிடறதும் அந்த இலையைத்தான். அவரை, காராமணிக்கு நைட்ரஜனைக் காத்துலேர்ந்து பிடிச்சுக் கொடுக்க வேர் முடிச்சுல பாக்டீரியா இருக்கு, அதுங்களுக்கு தழைச்சத்தைக் கொட்டினா கொடி ஓடுமே தவிர காய் கம்மி.

"கெமிக்கல் வேணாம், ஆர்கானிக்ல ஆல் பர்ப்பஸ் சொல்லுங்க"ன்னு கேட்டவங்களுக்கு: அதுலயும் நம்பர் இருக்கு. கடலைப் புண்ணாக்குல நைட்ரஜன் 7 சதவீதம் சொச்சம், வேப்பம் புண்ணாக்குல 5 சொச்சம், ஆனா ரெண்டுலயும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஒண்ணு, ஒன்றரை சதவீதம்தான். மண்புழு உரத்துல மூணுமே ஒண்ணு, ரெண்டு சதவீதம். நம்பர் சின்னதுன்னு ஒதுக்காதீங்க. மெதுவா, நுண்ணுயிர் மூலமா கிடைக்கிற சத்து அது, ஈரத்தையும் பிடிச்சு வைக்கும். 19:19:19 இதுல எதையும் செய்யாது. வெறும் தேங்காய் நார்க்கழிவுல வளர்த்து பவுடர் மட்டும் ஊத்தற பைக்கும், மண்புழு உரம் கலந்த பைக்கும் வித்தியாசம் மே மாசம் வெயில்ல தெரியும். என் கணக்குல மண்புழு உரம்தான் சாப்பாடு. பவுடர் கூட வச்சுக்கிற தொடுகறி.

இன்னொரு கேள்வி வந்தது: தக்காளியோட அடிப்பக்கம் கறுத்து அமுங்குது, எவ்வளவு 19:19:19 போடலாம்? போடவே கூடாது. அது காய்க்கு சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால வர்றது. 19:19:19ல கால்சியமே கிடையாது. பல நேரம் மண்ணுல கால்சியம் இருக்கும், நாமதான் ரெண்டு நாள் காயவிட்டு மூணாவது நாள் வெள்ளமா ஊத்தறோம். கால்சியம் தண்ணியோடதான் காய்க்குள்ள போகும், அதனால முதல்ல தண்ணியைச் சீராக்குங்க. அதுக்கும் சரியாகலைன்னா கால்சியம் நைட்ரேட், லிட்டருக்கு ஒரு கிராம். ஆனா அதையும் 19:19:19ஐயும் ஒரே பக்கெட்டுல கலக்காதீங்க. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கரையாத படிவமா அடியில தங்கிடும், ரெண்டு காசும் வேஸ்ட். முட்டை ஓடு? தூளாக்கிப் போடலாம், தப்பில்ல. இந்தத் தக்காளிக்கு உதவாது, கரையவே அவ்வளவு நாள் எடுக்கும்.

நோய் வந்த செடிக்கும், வெயில்ல துவண்டு கிடக்கிற செடிக்கும் உரம் குடுக்காதீங்க. அது தேறி புதுக் கொழுந்து விடட்டும்.

கடைசியா ஒண்ணு. இந்தப் பவுடர் பார்க்க உப்பு மாதிரி, சர்க்கரை மாதிரிதான் இருக்கும். சமையலறை டப்பாவுல போட்டு வைக்காதீங்க, வீட்டுல குழந்தைங்க இருந்தா சுத்தமா வேணாம். காத்துப் பட்டா ஈரத்தை இழுத்துக் கட்டியாகிடும், அதனால இறுக்க மூடற டப்பா, மேல நம்பரை மார்க்கர்ல எழுதி, செடி ஸ்பூனையும் உள்ளயே போட்டு உயரத்துல வைங்க. ஆறு பைக்கு ஒரு கிலோ பாக்கெட் தேவையே இல்ல. வாரத்துக்கு ஆறு கிராம்னா 250 கிராமே நாப்பது வாரத்துக்கு மேல வரும்.

அடுத்த எபிசோடு வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும். அதுக்குள்ள உங்க வீட்டுல இருக்கிற பாக்கெட்டோட நம்பரை போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்தச் செடிக்கு வச்சிருக்கீங்கன்னும் சேர்த்து எழுதுங்க.