தலப்படம் காட்டும் மலை

இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவையில் வெளியிடும் தலப்படங்களில், அதாவது மேடுபள்ளம், ஆறு, சாலை, ஊர் ஆகியவற்றை விரிவாகக் காட்டும் நிலப்படங்களில், 2 சென்டிமீட்டர் நீளம் தரையில் 1 கிலோமீட்டரைக் குறிக்கும். நீலம் நீரையும் பச்சை காட்டையும் மஞ்சள் விளைநிலத்தையும் சுட்டுவதை எவரும் விரைவில் பழகிவிடலாம். படிப்பவரின் திறமையைச் சோதிப்பவை பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகளே. கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அமைந்த இடங்களை இணைக்கும் இக்கோடுகள், பெரும்பாலும் 20 மீட்டர் உயர இடைவெளியில் வரையப்படுவதால், அவை நெருங்குமிடத்தில் சரிவு செங்குத்தானது என்றும் விலகுமிடத்தில் நிலம் மெல்லச் சாய்கிறது என்றும் அறியலாம். ஆங்கில 'வி' எழுத்தைப் போல வளையும் கோடுகளின் கூர்முனை உயர்ந்த பக்கத்தை நோக்கினால் அது நீரோடும் பள்ளத்தாக்கு. தாழ்ந்த பக்கத்தை நோக்கினால் மலையிலிருந்து நீளும் முகடு. இவ்விரண்டையும் மாற்றிக்கொள்பவர் முகட்டைத் தேடிப் போய் ஓடையில் இறங்க நேரும். படத்தைத் திசைக்கேற்ப வைக்கக் காந்த ஊசி உதவும். அது காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணம் காந்த விலக்கம் எனப்படும். தமிழகத்தில் அது மிகச் சிறியதாகையால், தொடக்கநிலையில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. படத்தை வடக்கு நோக்கித் திருப்பி வைத்து, கண்ணுக்குத் தெரியும் இரண்டு குன்றுகளையோ கோபுரங்களையோ அதில் அடையாளம் கண்ட பின்னரே நடக்கத் தொடங்க வேண்டும்.