அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கும் பணம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னைக் குடும்பத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. குடும்பம்னா சமையலும் மாமியார் சண்டையும் மட்டும் இல்லை. இன்னைக்கு நான் சிறுவாட்டைப் பத்திப் பேசப் போறேன். பேரைச் சொன்னதுமே சிரிக்கிறீங்க. அப்ப எல்லார் வீட்டிலயும் இருக்குன்னு தெரியுது.

அது எங்க இருக்கும்? உளுந்து டப்பாவுக்கு அடியில. அஞ்சறைப் பெட்டியில வெந்தயத்துக்குக் கீழ. சாமி படத்துக்குப் பின்னால. கல்யாணப் பட்டுச் சேலையோட மடிப்புல. வீட்டு ஆம்பளைங்க கை போகாத இடமாப் பார்த்து வைப்போம். அவங்க கை போகாத இடம் அடுப்படிதான்!

அந்தப் பணம் சும்மா வந்தது இல்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் தறியில நின்னு வந்தது. ராஜபாளையம் மில்லுல நைட் ஷிப்டு பார்த்து வந்தது. தளவாய்புரத்துல நைட்டி தைச்சு வந்தது. வில்லிபுத்தூர்ல பால்கோவா பாக்கெட் போட்டு வந்தது. கூலியில அரிசி, பருப்பு, பால், கேஸ், வட்டி எல்லாம் போக, அம்பதும் நூறுமா ஒதுங்குறதுதான் சிறுவாடு. பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் அடிச்சா ஆட்டோவுக்கு அதுதான். பள்ளிக்கூடம் திறக்கிற மாசத்துல நோட்டுக்கும் அதுதான். புருஷனை ஏமாத்துற பணம்னு சிலர் கேலி பேசுவாங்க. யாருக்காக ஒளிச்சமோ, கடைசியில அந்தக் குடும்பத்துக்குத்தான் அது செலவாகுது.

ஆனா ஒளிச்சு வைக்கிற பணத்துக்கு ஆபத்து அதிகம். எங்க தெருவுல ஒரு மதினி பரண்ல இருந்த குத்துவிளக்குப் பெட்டியில வச்சிருந்தாங்க. கார்த்திகைக்கு விளக்கை எடுக்கப் போனா, எலி குட்டி போட மெத்தை தைச்சு வச்சிருக்கு. எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு! இன்னொரு வீட்டுல, அம்மா பணம் வச்சிருந்த பழைய சேலையை மகள் பாத்திரக்காரருக்குப் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிட்டா. ஊர்லயே விலை கூடின கிண்ணம் அதுதான்.

கிழிஞ்ச நோட்டைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. கமிஷனுக்கு மாத்தித் தர்றவங்ககிட்ட ஓட வேண்டாம். எந்த வங்கிக் கிளையிலயும் மாத்தலாம். 50 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுல, ஒரே துண்டா 80 சதவீதத்துக்கு மேல இருந்தா முழுப் பணம் தரணும். 40-லிருந்து 80 சதவீதம் வரை இருந்தா பாதிப் பணம். அதுக்கும் குறைஞ்சா ஒண்ணும் கிடையாது. இது ரிசர்வ் வங்கியோட விதி.

எலியை விடப் பெரிய அடி 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி விழுந்தது. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு டிவியில சொன்னதும், நாடு முழுக்க அடுப்படி டப்பாக்கள் திறந்துச்சு. பத்து வருஷமாச் சேர்த்ததை ஒரே ராத்திரியில புருஷன் முன்னால கொட்ட வேண்டியதாச்சு. "இவ்வளவு வச்சுக்கிட்டா இல்லைன்னு சொன்னே?"ன்னு எத்தனை வீட்டுல சத்தம்! வங்கியில போட டிசம்பர் 30 வரைதான் நேரம். தன் பேர்ல கணக்கு இல்லாதவங்க அடுத்தவங்க கணக்குல போட்டாங்க. திரும்ப வந்துச்சா, வரலையான்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும்.

அதை விட மனசைப் பிசையுற சேதி ஒண்ணு. 2019-ல திருப்பூர் மாவட்டத்துல வயசான அக்கா தங்கச்சி ரெண்டு பேர், கடைசிக் காலத்துக்குன்னு சேர்த்த 46 ஆயிரம் ரூபாயை எடுத்துக் காட்டினாங்க. அத்தனையும் பழைய நோட்டு. செல்லாதுன்னு ஆகி மூணு வருஷம் கழிஞ்சும் அவங்களுக்கு யாரும் சொல்லலை. அவங்க ஒரு தப்பும் செய்யலை. பணம் இருக்கிற சேதி யாருக்கும் தெரியாததால, நோட்டு செல்லாத சேதியும் அவங்ககிட்ட வந்து சேரலை.

ரகசியம் பணத்தைக் காப்பாத்தும்; சில சமயம் ரகசியமே பணத்தை முழுங்கிடும். நாளைக்கு நாம படுத்துட்டா, அந்த உளுந்து டப்பா யாருக்குத் தெரியும்?

குழுவோட அருமை எனக்கு இங்கதான் புரியுது. தமிழ்நாட்டுல 1989-ல தர்மபுரியில தொடங்கின வேலை இது. 1992-ல நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோட இணைச்சது. நம்ம அஞ்சு விதி எல்லாருக்கும் மனப்பாடம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், நேரத்துல திருப்பிக் கட்டுறது, சரியான கணக்கு. யோசிச்சுப் பார்த்தா, இது பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வைக்கிற சிறுவாடு. வித்தியாசம் என்னன்னா, இதுக்குத் தீர்மான நோட்டு இருக்கு, சாட்சி இருக்கு, எலி வராது. "குழுவுக்குச் சந்தா கட்டணும்"னு சொன்னா வீட்டுலயும் மறுபேச்சு இல்லை.

ஆனா பேர்ல கணக்கு இருந்தா மட்டும் போதுமா? 2023 செப்டம்பர் 15-ல மகளிர் உரிமைத் தொகை மாசம் 1000 ரூபாய்னு பெண்கள் கணக்குலயே வர ஆரம்பிச்சது. நல்ல விஷயம். ஏடிஎம் கார்டு யார் பர்ஸுல இருக்கு? ரகசிய எண் யாருக்குத் தெரியும்? குறுஞ்செய்தி யார் போனுக்குப் போகுது? மூணுக்கும் பதில் "மகன்", "அவர்"னு வந்தா, கணக்கு மட்டும்தான் நம்ம பேர்ல இருக்கு. பணம் நம்ம கையில இல்லை.

பால்கோவா கிண்டுறவங்களைக் கேளுங்க. நல்ல பாலும் சீனியும் போட்டாச்சுன்னு திரும்பி உட்கார முடியாது. துடுப்பை நிறுத்தினா அடிபிடிக்கும். கணக்கும் அப்படித்தான். மாசத்துக்கு ஒரு தடவையாவது பாஸ்புக்குல வரவு வச்சுப் பார்க்கணும்.

டப்பாவைக் காலி பண்ணுங்கன்னு நான் சொல்லலை. ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட ஆயிரம், ரெண்டாயிரம் வீட்டுல இருக்கட்டும். அதுக்கு மேல உள்ளதை உங்க பேர்ல போடுங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, மகளோ தங்கச்சியோ, சொல்லி வையுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் பாஸ்புக்கைக் கொண்டு வாங்க. நாமினி பேர் பதிஞ்சிருக்கா, எந்த போன் நம்பர் இணைஞ்சிருக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் பார்த்துச் சொல்லுங்க. படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற தங்கச்சி படிச்சுக் காட்டட்டும். விட்டுப்போனதைத் தீர்மான நோட்டுல எழுதி, அந்த வாரமே ரெண்டு ரெண்டு பேராச் சேர்ந்து வங்கிக்குப் போயிட்டு வாங்க.