செந்நாய்க்கு ஒரு நீதி

முதுமலைக் காட்டில் வைகறையில் சீழ்க்கையொலி கேட்டால், யாரோ ஆயன் அழைக்கிறான் என எண்ணாதீர்கள். சிதறிய தோழர்களைச் செந்நாய் அழைக்கும் குரலாக இருக்கலாம்.

செந்நிற மேனியும் கருவாலும் உடைய இவ்விலங்கு, புலியைப் போலக் கழுத்தைக் கவ்விக் கொல்வதில்லை. கூட்டமாகக் கூடி மானைக் குதறி வீழ்த்தும். அதனால் கொடியது எனப் பழி சூட்டினர். ஆங்கிலேயர் காலந்தொட்டு, கொன்றவர்க்குப் பரிசும் அளித்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இதற்குக் காவலாயிற்று.

நானும் வகுப்பில் 'கொடிய விலங்கு' என்றே கற்பித்தேன். மசினகுடியிலிருந்து வந்த மாணவன் எழுந்து, "ஐயா, வேட்டை முடிந்ததும் பெரியவை விலகி நின்று குட்டிகளை முதலில் உண்ண விடுகின்றனவே, அதுவும் கொடுமையா?" என்றான். விடையின்றி நின்றேன்.

பின்னரே, நாங்குநேரியில் பிறந்த விலங்கியல் அறிஞர் ஜான்சிங்கின் ஆய்வைப் பயின்றேன். 1976 முதல் 1978 வரை, முதுமலையை அடுத்த பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்தவர் அவர். தாய் மட்டுமன்றிக் கூட்டத்தின் பிறவும் இரையைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும் என்பதை அறிந்தேன். மாணவன் கண்டது மெய்யே.

2015ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இனம்பெருக்கும் பருவத்துச் செந்நாய்கள் உலகில் 949 முதல் 2,215 வரையே. இரை குறைதலும், ஊர்நாய்களிடமிருந்து பரவும் வெறிநோய் முதலியனவும் அவற்றை வாட்டுகின்றன. காட்டோரத்தில் வாழ்வோர் தம் நாய்க்குத் தடுப்பூசி இடுவதும் பேருதவியாகும்.

அறியாமல் பழித்தலினும் பெரிய கொடுமை உண்டோ?