இடியோசைக்கு எழும் தேரை

அமெரிக்காவின் அரிஸோனாவிலும் மெக்ஸிகோவின் வடபகுதியிலும் பரந்து கிடப்பது சொனோரன் பாலைவனம். நீரை நம்பி வாழும் தேரைக்கு அங்கே என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். ஆயினும், மண்வெட்டித் தேரை என்னும் சிற்றுயிர் அங்கேதான் வாழ்கின்றது.

அதன் பின்னங்கால்களில் மண்வெட்டி போன்ற கரிய, கடினமான தகடுகள் உண்டு. அவற்றால் மண்ணை விலக்கி, பின்புறமாகவே நிலத்துள் இறங்கிவிடும். ஆண்டில் எட்டு முதல் பத்து மாதங்கள் அதற்கு மண்ணறையே வீடு. சுற்றியுள்ள மண் உலரும்போது உடலில் யூரியாவைத் தேக்கித் தன் நீரைக் காத்துக்கொள்ளும்.

கோடையில் இடியுடன் பெருமழை பொழிந்ததும் தேரைகள் வெளிவருகின்றன. அன்றிரவே இணைதேடி, தேங்கிய குட்டையில் முட்டையிடுகின்றன. ஏறக்குறைய ஒரு நாளில் முட்டை பொரிக்கும். எட்டே நாட்களிற்கூடத் தலைப்பிரட்டை தேரையாகிவிடும். அதற்குள் குட்டை வற்றினால் அத்தலைமுறை முழுதும் அழியும். முதிர்ந்த தேரைகளோ ஈசல்களை வயிறார உண்டு, மீண்டும் மண்ணுள் மறைகின்றன.

மழை வந்ததை அவை எவ்வாறு அறிகின்றன? ஈரத்தாலன்று, நில அதிர்வால். டிம்மிட், ரூயிபால் என்னும் ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த மண்ணிலும் மோட்டாரின் அதிர்வை உணர்ந்து இத்தேரைகள் எழுந்தமை கூறப்பெற்றுள்ளது. அங்ஙனமாயின், பாலையில் விரையும் மோட்டார் வண்டிகளும் அவற்றை மழையற்ற நாளில் எழுப்பிவிடக் கூடுமன்றோ? பொய்யழைப்பை நம்பி வெளிவரும் தேரைக்கு அங்கே நீருமில்லை, இரையுமில்லை. பாலைவனத்தை வெறும் நிலமென்று எண்ணி வண்டியோட்டுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.