ஈரிதழ் வால்வும் நைந்துபோகும் சுவரும்



இதயத்திலிருந்து பெருந்தமனி புறப்படும் வாயிலில் மூன்று இதழ் கொண்ட வால்வு ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு ஒருவரோ இருவரோ இரண்டே இதழ்களுடன் பிறக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வால்வுக்கு மேலுள்ள பெருந்தமனி மெல்ல விரிந்து அனியூரிசம் ஆகிறது. பழுது வால்வில், சுவர் ஏன் கெடவேண்டும்?

முதலில் சுவரைப் பார்ப்போம். அதன் நடுப்படலத்தில் எலாஸ்டின் என்ற மீள்புரதத்தின் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இடையிடையே மென்தசைச் செல்கள். இரண்டையும் பிணைப்பது ஃபைப்ரிலின் என்ற புரதம். எலாஸ்டின் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாவது. பிறகு அறுந்தால் பழையபடி அமைவதில்லை. புரதங்களை வெட்டும் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள் வரம்பு மீறும்போது தகடுகள் துண்டுபடுகின்றன, தசைச் செல்கள் குறைகின்றன, அந்த இடத்தில் சளி போன்ற பொருள் தேங்குகிறது. விரிந்த குழாயில் சுவரின் இழுவிசையும் கூடுவதால் சிதைவு மேலும் வளர்கிறது.

காரணம் பிறவியிலேயே இருக்கிறது என்பது ஒரு கட்சி. வால்வு இதழ்கள், பெருந்தமனியின் மேலேறும் பகுதி இரண்டின் ஆக்கத்திலும் கருவில் தோன்றும் நரம்பு முகட்டுச் செல்களுக்குப் பங்குண்டு. ஒரே மரபணுப் பிழை இரண்டையும் கெடுக்கலாம். சில குடும்பங்களில் ஈரிதழ் வால்வுக்கு நாட்ச்1 மரபணு காரணம் என்பது 2005இல் தெரியவந்தது.

இரத்த ஓட்டமே காரணம் என்பது மறுகட்சி. ஈரிதழ் வால்வு இரத்தத்தைச் சாய்வாகப் பீய்ச்சுகிறது. மடைநீர் ஒரே கரையில் மோதினால் அந்தக் கரைதானே அரிபடும்? எந்த இரு இதழ்கள் ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து மோதும் பக்கமும் மாறுகிறது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த சாட்சி, கனடாவின் கால்கரி ஆய்வாளர்கள் பங்கேற்று 2015இல் வெளியான ஆய்வு. அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. மூலம் ஓட்டத்தை அளந்தார்கள். பிறகு, அறுவையில் எடுத்த அதே நோயாளியின் சுவரில் இரத்த உராய்வு மிகுந்த இடத்தையும் இயல்பான இடத்தையும் ஒப்பிட்டார்கள். உராய்வு மிகுந்த இடத்தில் எலாஸ்டின் மெலிந்திருந்தது, நொதிகள் கூடியிருந்தன. ஒரே உடல், ஒரே மரபணு. ஆகவே இந்த வேறுபாட்டை மரபின்மேல் போடமுடியாது.

அதனால் மரபு விடுதலையாகிவிடவில்லை. மார்ஃபான் என்ற மரபுநோய் உள்ளவரின் வால்வு பெரும்பாலும் மூவிதழ்தான். ஃபைப்ரிலின் பிழை ஒன்றே அவருடைய பெருந்தமனியை விரிக்கப் போதுமானது. என் முடிவு இது: சுவர் எவ்வளவு தாங்கும் என்பதில் மரபுக்குக் கை உண்டு, எந்த இடம் முதலில் நையும் என்பதில் ஓட்டத்துக்கு.

இதிலிருந்து மருத்துவர் செய்யவேண்டியவை மூன்று. வால்வைப் பார்க்கும்போதெல்லாம் பெருந்தமனியையும் அளக்கவேண்டும், அதன் விட்டம் 5.5 செ.மீ. எட்டினால் அறுவை, குடும்பத்தில் சுவர் பிளந்த வரலாறு போன்ற ஆபத்து இருந்தால் 5 செ.மீ.யிலேயே அதைப் பற்றி யோசிக்கவேண்டும். வால்வை மாற்றிய பிறகும் எஞ்சிய பெருந்தமனியைத் தொடர்ந்து கண்காணிக்கவேண்டும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கு எக்கோ எடுக்கச் சொல்லவேண்டும். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இதே வால்வு இருக்கக்கூடும்.